மயர்ஸ், ஹம்ப்ரி தீர்ப்புகள் முரண்படுகின்றனவா?

முரண் இல்லை. இரண்டும் அதிபர் அதிகாரிகளை நீக்குவது பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். 1926இல் மயர்ஸ் வழக்கில் செல்லாது என்று தள்ளியது, நீக்கத்துக்கு செனட் ஒப்புதல் கேட்ட சட்டத்தை. 1935இல் ஹம்ப்ரி வழக்கில் ஏற்றது, காரணம் இருந்தால்தான் நீக்கலாம் என்ற சட்டத்தை.

"போஸ்ட்மாஸ்டரை நீக்கலாம், ஆணையரை நீக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போஸ்ட்மாஸ்டரான மயர்ஸ் முழுக்க நிர்வாகத்தின் ஆள். ஹம்ப்ரி இருந்த கூட்டாட்சி வணிக ஆணையம் விதியும் வகுக்கும், வழக்கும் விசாரிக்கும்; அது வெறும் நிர்வாகம் அல்ல. 1914 சட்டப்படி திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு இருந்தால்தான் ஆணையரை நீக்கலாம். ஹம்ப்ரியை நீக்கிய அதிபர் ரூஸ்வெல்ட் இதில் எதையும் காரணமாகச் சொல்லவில்லை. நம் எண்ணங்கள் ஒத்துப்போகவில்லை என்றார், அவ்வளவுதான். (ஹம்ப்ரி 1934இலேயே இறந்துவிட்டார். சம்பளப் பாக்கிக்காக வழக்காடியவர் அவருடைய சொத்து நிர்வாகி.)

நீங்கள் குழம்பியது பெரும்பாலும் தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய மயர்ஸ் தீர்ப்பால் இருக்கும். தேவைக்கு மேல் நீளம், இப்படிப்பட்ட ஆணையங்களையும் இழுத்துப் பேசுகிறது. அந்தப் பகுதி கட்டுப்படுத்தாது என்று 1935 தீர்ப்பு ஒதுக்கிவிட்டது.

அடுத்த வழக்கைப் படிக்கும்போது, அந்தப் பதவியை உருவாக்கிய சட்டத்தில் நீக்கம் பற்றிய பிரிவை முதலில் பாருங்கள்: யாருடைய ஒப்புதல், என்ன காரணம், தலைமையில் ஒருவரா குழுவா.

ஆனால் 1935ஐ இன்றைய நிலை என்று எழுதிவிடாதீர்கள். 2020இல் சீலா லா வழக்கில், ஒரே இயக்குநர் நடத்தும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு காரணம் இருந்தால்தான் நீக்கலாம் என்ற இந்தக் காப்பு செல்லாது என்றார்கள். அதற்கு அப்புறம் வந்த உத்தரவுகளையும் பார்த்துவிடுங்கள்.