சோற்றை விட்ட பிறகும் எடை இறங்காதது ஏன்?

வாசகர் கேள்விகளுக்கு உணவியல் பதில்கள்

கேள்வி: எனக்கு 43 வயது, எடை 74 கிலோ. மாவுச்சத்துதான் உடம்பைப் பெருக்க வைக்கிறது என்று பலரும் சொன்னதால், மதியமும் இரவும் சேர்த்துச் சாப்பிட்டு வந்த மூன்று கிண்ணம் சோற்றை மூன்று மாதங்களுக்கு முன் அடியோடு விட்டுவிட்டேன். பசி தெரியாமல் இருக்க, வறுத்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி, தேங்காய் நாலைந்து கீற்று, பொரியலில் ஒரு மேசைக்கரண்டி நெய் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு எடை அப்படியே நிற்கிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மூன்று மாதமாக ஒரு பிடி சோறுகூடத் தொடாமல் இருந்திருக்கிறீர்கள், சகோதரி. அந்த உறுதிக்குப் பலன் கிடைக்கவில்லையே என்று கடிதத்தைப் படித்தபோது எனக்கும் வருத்தமாக இருந்தது. குறை உங்கள் மன உறுதியில் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் அந்த இரண்டு கிலோவைப் பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்குகிறது. சோற்றைத் திடீரென்று நிறுத்தும்போது இந்தச் சேமிப்பு குறைந்து, அதனோடு இருந்த தண்ணீரும் வெளியேறிவிடும். ஆகவே முதல் இரண்டு வாரத்தில் இறங்கிய எடையில் பெரும்பங்கு நீர்தான். கொழுப்பு குறைந்தது சிறிதளவே இருக்கும்.

அடுத்தது, விட்டதற்கும் சேர்த்ததற்கும் உள்ள கணக்கு. ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. கிண்ணத்துக்கு 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் விட்ட மூன்று கிண்ணம் சோற்றில் இருந்தது ஏறத்தாழ 580 கலோரி. இரண்டு கைப்பிடி வேர்க்கடலை 50 கிராம் என்றால் அதில் 280 கலோரி. தேங்காய் 50 கிராமில் 175. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் 125. கூட்டிப் பாருங்கள், அதே 580 வந்து நிற்கும். தட்டு காலியாகத் தெரிகிறது, வயிறும் நிறையவில்லை, ஆனால் உடலுக்குள் போகும் கலோரி கொஞ்சமும் குறையவில்லை. வேர்க்கடலையும் தேங்காயும் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. சோற்றுக்கு ஈடாக அளவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்ப வைத்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதா, கொழுப்பைக் குறைப்பது நல்லதா என்ற கேள்வியை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரிடம் ஓராண்டு சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தார்கள், மறு பிரிவினர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். சராசரியாக முன்னவர்கள் 5.3 கிலோவும் பின்னவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். புள்ளியியல்படி அது ஒரு வேறுபாடே இல்லை. எனவே எதைக் குறைத்தால் உங்களால் பல மாதங்கள் பசியில்லாமல் இருக்க முடியுமோ, அதைக் குறைப்பதுதான் உங்களுக்கு ஏற்றது. நம் ஊர்ச் சாப்பாட்டில் பெரும்பாலும் சோறு அதிகமாகவும் பருப்பும் காய்கறியும் குறைவாகவும் இருப்பதால், சோற்றைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தானியங்களிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் குறைப்பது வேறு, அடியோடு விடுவது வேறு.

நாளை மதியம் ஒரு கிண்ணம் சோறு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு கெட்டியான பருப்போ தட்டைப்பயறுக் குழம்போ ஒரு கிண்ணம், கீரையும் பொரியலுமாக இரண்டு கிண்ணம், முடிவில் மோர். அசைவம் உண்டென்றால் ஒரு முட்டையோ, குழம்பில் வெந்த மேட்டூர் மீனோ சேர்க்கலாம். எடை குறையும் காலத்தில் புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். வேர்க்கடலை ஒரு கைப்பிடியோடு நிற்கட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று எண்ணெய். தோசைக்கு ஒரு தேக்கரண்டி விடுவதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராக ஊற்றாமல், தேக்கரண்டியால் அளந்து பழையபடி முறுகலாகச் சுட்டுப் பார்த்தபோது, ஒரு தோசைக்கு மூன்று தேக்கரண்டி போயிருந்தது. தேக்கரண்டிக்கு 40 கலோரி என்றால் மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டுமே 360 கலோரி! நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்தே வருகிறது. காலையில் ஆளுக்கு நாலு தேக்கரண்டி வீதம் ஒரு டம்ளரில் அளந்து வையுங்கள். அன்றைய தாளிப்பு, தோசை எல்லாம் அதற்குள் முடியட்டும். எண்ணெயே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்ளக் கொழுப்பு வேண்டும்.

கேள்வி: நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை செய்கிறேன். அரிசியை விட்டு, மதியம் சாமைச் சோறும் இரவு கேழ்வரகுக் களியும் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். சிறுதானியம் எடையைக் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் எனக்குக் குறையவில்லையே?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டு வந்த மலையாளி என்னும் பழங்குடி மக்கள், சரிவில் ஏறி இறங்கி, கொத்தி, சுமந்து உழைத்தவர்கள். அதே களியை உண்டுவிட்டு இரண்டு சக்கர வண்டியில் தோட்டத்தைச் சுற்றி வரும் நமக்கு அந்த உழைப்பு இல்லை. வேகவைக்காத 100 கிராம் அரிசி, சாமை, கேழ்வரகு மூன்றிலும் 320 முதல் 360 கலோரிதான். பெரிய வித்தியாசம் கிடையாது. சிறப்பு நார்ச்சத்தில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 11 கிராம் நார்ச்சத்து இருக்க, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஆகவே குறைந்த அளவிலேயே வயிறு நிறைந்த உணர்வு கிடைக்க வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் நீங்கள் பயன்படுத்தாமல் விடுகிறீர்கள். இரண்டு உருண்டைக் களியை ஒன்றாக்கி, கொள்ளுப் பருப்பும் கீரைக் கடைசலும் கூட்டிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் ஒரு பகுதியையாவது நடந்தே பாருங்கள்.

கேள்வி: வயது 56. நாள் முழுதும் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மாலையில் தட்டுவடை செட், சனிக்கிழமை விரதத்துக்கு ஜவ்வரிசி உப்புமா. இட்லி, தோசை, சோறு எல்லாவற்றையும் இன்றே நிறுத்தச் சொல்கிறான் மகன். நிறுத்தலாமா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: மகனின் அக்கறை புரிகிறது, ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தாதீர்கள், ஐயா. சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் வழக்கமாக உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கில் வைத்தே கொடுக்கப்படுகின்றன. மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் வெட்டினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி, கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வரை போகலாம். எந்த உணவை எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று தாளில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் மருந்தைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள்.

ஜவ்வரிசி நம் மாவட்டத்துப் பொருள், பல குடும்பங்களின் பிழைப்பு. அதன்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தேயன்றி வேறில்லை. 100 கிராமில் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. விரதத்துக்குப் பாசிப்பயற்றுச் சுண்டலும் மோரும் உங்களுக்கு நல்லது. தட்டுவடை செட்டில் கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் இருந்தாலும், மேலும் கீழும் இருக்கும் தட்டுவடை எண்ணெயில் பொரித்தது. வாரம் ஒருநாள் ஒரு செட் சாப்பிடுங்கள். அன்றிரவு தோசைக்குப் பதில் இரண்டு இட்லியும், தேங்காய் குறைத்து அரைத்த புதினாச் சட்னியும் போதும்.