வெள்ளை பெயின்ற் அடிச்சா மட்டும் ஏன் மா தூவின மாதிரி சொரசொரப்பா வருது?

கேள்வி கேட்ட தம்பி ரெண்டாம் உலகப்போர்க் காலத்து கட்டலினா நீர்விமானத்தின்ட 1/72 அளவு பிளாஸ்ரிக் மொடல் கிட் ஒண்டுக்கு, தாமியா எக்ஸ்எஃப்-2 எண்ட மினுக்கமில்லாத வெள்ளை அக்ரிலிக்கை எயார்பிரஷ்ஷால அடிக்கிறாராம், மற்ற கலர் எல்லாம் வடிவா வருது, வெள்ளை மட்டும் ஒரு பக்கம் சொரசொரக்குது, மற்றப் பக்கம் வழியுது எண்டு கேட்டிருக்கிறார். அவரும் திருகோணமலை, நானும் திருகோணமலை, அதால ஊர்க் காத்தையும் சேர்த்தே சொல்றன், யூடியூப்ல சொல்ற அளவு எல்லாம் எங்கட காத்துக்குச் சரிவராது.

முதல் போத்தலின்ட அடியைப் பாருங்கோ. வெள்ளை நிறம் குடுக்கிறது டைட்டேனியம் டையொக்சைட், தண்ணியை விட நாலு மடங்கு பாரம், அடியில போய் இறுகிக் கிடக்கும். குலுக்கினா காணாது, குச்சி விட்டு வழிச்சுக் கலக்கோணும். மேல நிக்கிற தெளிவை ஊத்தி அடிச்சா எத்தினை கோட் போட்டாலும் மூடாது, மூடேல்ல எண்டு கிட்டப் பிடிச்சு இன்னும் அடிப்பம், அதுதான் வழியுறது.

முதல் கோட்டில கீழ இருக்கிற நிறம் தெரியும். தெரியட்டும், விடுங்கோ. பெயின்ற் ஒரு பங்கு, தின்னர் ஒண்டரைப் பங்கு, காத்தமுக்கம் 15 பிஎஸ்ஐ அளவில, அஞ்சாறு சென்ரிமீற்றர் தூரத்தில, ஒவ்வொரு கோட்டும் மேல ஈரமாப் படுற அளவுக்கு மட்டும். காயவிட்டு அடுத்தது. கடும் சாம்பல் பிரைமருக்கு (முதல் அடிக்கிற அடிப்பூச்சு) மேல நேர வெள்ளை அடிக்கிறது வீண் வேலை, வெள்ளை பிரைமர் இல்லாட்டி மங்கின சாம்பலாவது போடுங்கோ. சிவப்பு பிளாஸ்ரிக் கிட் எண்டா இன்னும் கவனம், சிலதில சாயம் மேல ஊறி வெள்ளையை றோஸ் ஆக்கிப் போடும்.

இனிக் காத்து. வைகாசி, ஆனியில கச்சான் எண்ட காஞ்ச காத்து அடிக்கேக்க பெயின்ற் கிட்டில போய் விழ முதலே நடுவழியில காஞ்சிடுது, அந்தக் காஞ்ச துகள்தான் உங்கட சொரசொரப்பு. தூரத்தைக் குறைச்சு, ஜன்னலைச் சாத்தி, மெதுவாக் காயுற மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை பாவிச்சா பெரிய வித்தியாசம் தெரியும், தாமியா அக்ரிலிக்கோடயும் நல்லாக் கலக்கும். எயார்பிரஷ் ஊசி நுனியில வெள்ளை சீக்கிரம் கட்டும், தின்னர் நனைச்ச கொட்டன் பட்டால இடைக்கிடை துடையுங்கோ. ஐப்பசி கார்த்திகை மழைக்கு வேற தலையிடி, கொம்பிரசர் தாங்கியில தண்ணி சேர்ந்து ஒரு துளி துப்பினா வெள்ளையில அப்பிடியே குழி விழும், அதால அடிக்க முதல் தாங்கித் தண்ணியைத் திறந்து விடுங்கோ.

இன்னொண்டு, சுத்த வெள்ளை வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ரெண்டு மூண்டு துளி மங்கின சாம்பல் கலவுங்கோ. வானத்தைப் பின்னால வச்சுப் பாத்தா விமானம் கறுப்பாத் தெரியும், நீர்மூழ்கிக்காரன் கண்ணில லேற்றாப் படட்டும் எண்டுதான் பிரிட்டிஷ் விமானப்படையின்ட கடல் காவல் பிரிவான கோஸ்ரல் கொமாண்ட் போர்க்காலத்தில வெள்ளை அடிச்சது. அந்தக் காலம் எங்கட திருகோணமலைச் சீனக்குடாவில மாதிரி உப்புத் தண்ணியில மிதந்து வெயில்ல காஞ்ச விமானம் எங்க பளிச்செண்டு இருந்திருக்கும், பளிச் வெள்ளை அடிச்சா விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் நிக்கும்.

முதுகின்ட கடும் சாம்பலைக் கடைசியா அடியுங்கோ, வெள்ளை ஒரு இரவு நல்லாக் காஞ்ச பிறகு டேப் ஒட்டி. வாய்க்கு மாஸ்க் கட்டாயம், ஜன்னல் சாத்தினா எக்ஸோஸ்ட் ஃபானும் கட்டாயம், அந்த லெவலிங் தின்னர் லக்கர் வகை, அதின்ட மணத்துக்கு வீட்டிலயும் பேச்சு விழும்.