வெயில் இருந்தும் கரண்ட் இல்லையே! (வாசகர் கேள்வி - பதில்)

போன இதழில் சூரிய மின்சாரம் பற்றி இரண்டு பத்திதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் கடலூர், பாண்டி பக்கத்திலிருந்து. புயலும் வெள்ளமும் வாசல் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துபோன ஊர்க்காரர்கள் என்பதால் கேள்விகளும் நேராக இருக்கின்றன. இந்த முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மானியம் வாங்கி 3 கிலோவாட் சோலார் போட்டோம். ஃபெஞ்சல் புயலில் தெருவெல்லாம் தண்ணீர் நின்று கரண்ட் போய்விட்டது. மழை விட்டு நல்ல வெயில் அடித்த பிறகும் எங்கள் மாடி சோலாரில் ஒரு பல்புகூட எரியவில்லை. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் "அது அப்படித்தான் மேடம்" என்கிறார். ஏமாந்துவிட்டோமா ஐயா? – ரெயின்போ நகர் வாசகி, புதுச்சேரி

ஏமாறவில்லை அம்மா. ஆனால் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இருப்பது தெருவில் வரும் மின்துறை லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை. அந்த இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் செத்துவிட்டால் ஓரிரு நொடியில் தானும் நின்றுவிடும், அதற்கு மேல் மாடியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் பயனில்லை. வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறிக் கம்பியில் கை வைக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போனால் அவர் உயிர் அங்கேயே போய்விடும்.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கரையைக் கடந்தபோது நான் கடலூர் முதுநகரில் இருந்தேன். எங்கள் தெருவில் சிமெண்ட் கம்பங்கள் பாதியில் முறிந்து உள்கம்பி வெளியே தெரியக் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் லாரியில் வந்து இறங்கிப் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒருவர் கம்பத்தில் ஏறும் முன்பு கீழே நின்ற எங்களிடம் "யார் வீட்லயாவது ஜெனரேட்டர் ஓடுதா, பார்த்துச் சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் ஏறினார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இன்வெர்ட்டர் நின்றுபோவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், வாடிக்கையாளரிடம் மறைப்பதைத்தான் குறை என்பேன்.

சரி, இனி என்ன செய்யலாம்? இரண்டு வழி. ஒன்று, இருக்கிற இன்வெர்ட்டரை மாற்றிவிட்டு பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகை வைப்பது. லைன் போனால் அது தெருவைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். செலவு அதிகம், 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கிற 78,000 ரூபாய் மானியம் பேட்டரிக்கு இல்லை. இரண்டாவது வழியைத்தான் நம் பக்கத்து வீடுகளுக்குச் சொல்வேன். கரண்ட் கட்டுக்காக ஏற்கெனவே ஒரு சின்ன இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் பேட்டரியும் பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் இருக்கும். அந்த பேட்டரிக்கென்று தனியாக ஒன்றிரண்டு பேனலும், பேனல் கரண்டை பேட்டரிக்கு அளவாக அனுப்பும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் போட்டுவிட்டால் போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர் என்றால் கணக்குக்கு 1.8 யூனிட், அதில் பாதியை எடுத்தாலே நான்கு எல்.இ.டி. விளக்கு, இரண்டு சிக்கன மின்விசிறி, செல்போன் சார்ஜ் எல்லாம் ஓர் இரவு தாங்கும், மறுநாள் வெயிலில் மறுபடி நிறையும். ஃபிரிட்ஜ், மோட்டார், ஏ.சி. எதுவும் அதில் வேண்டாம். அப்புறம் முக்கியமாக ஒன்று, இதை நீங்களாகவே தெரு லைனோடு இணைக்க முயற்சி செய்யக்கூடாது. எலக்ட்ரீஷியன் வந்து தனி ஒயரிங் போட்டுக் கொடுக்கட்டும்.

கேள்வி: எங்களுடையது ஷீட் போட்ட வீடு. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. கடன் வாங்கி சோலார் போடச் சொல்லி ஒருவர் வந்துபோகிறார். போடலாமா? – தேவனாம்பட்டினம் வாசகி

வேண்டாம் தங்கச்சி. முதல் 100 யூனிட் உங்களுக்கு ஏற்கெனவே இலவசம். மீதி 80 யூனிட்டை மிச்சப்படுத்த கடன் வாங்கினால் வட்டிதான் மிஞ்சும், ஷீட்டின் மேல் அந்தக் கனத்தை ஏற்றுவதும் கடற்கரையில் நல்லதில்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று கடையில் கிடைக்கும் சிக்கன விசிறி ஏறக்குறைய 30 வாட்தான். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம், ஒரே விசிறியில். இரண்டை மாற்றினால் உங்கள் 80 யூனிட் அங்கேயே தீர்ந்தது. ஷீட்டின் மேல் வெள்ளை அடியுங்கள், மத்தியான வெக்கை குறையும்.

மானியத் திட்டம் எல்லாமே சொந்தமாகக் கான்கிரீட் மாடி உள்ளவருக்குத்தான் எளிதாகக் கிடைக்கிறது. வாடகை வீட்டுக்காரர், குப்பத்து வீட்டுக்காரர் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். பள்ளிக்கூட மாடியிலும் சமுதாய நலக்கூட மாடியிலும் பொதுவில் பேனல் போட்டு, அந்தத் தெருக் குடும்பங்களின் பில்லில் கழிக்கும் ஏற்பாடு வர வேண்டும். இதை நான் விடாமல் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

கேள்வி: அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. தாத்தா நிலம் கொடுத்தவர். நான் டிப்ளமோ முடித்திருக்கிறேன். நிலக்கரியை மூட வேண்டும் என்று நீங்கள் எல்லாம் எழுதுகிறீர்கள். மூடினால் எங்கள் கதி? – மந்தாரக்குப்பம் வாசகர்

தம்பி, எனக்கு வந்த கடிதங்களில் மிகவும் கனமானது உங்களுடையது. நான்கு முறை படித்தேன்.

முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. தோண்டி எடுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்த ஈரத்தை விரட்டவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடுவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1 கிலோவுக்கும் அதிகமாகக் கரியமில வாயு வெளியே போகிறது. சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை எடுக்க முடியும். சுற்றுவட்டாரத்துப் போர்வெல்லெல்லாம் ஆழத்துக்குப் போன வேதனை உங்களுக்கே தெரியும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கியதைப் பார்த்தபோது, இந்தப் பாதை எப்போதும் இப்படியே போக முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் தமிழ்நாட்டுக்கே அறுபது ஆண்டுக்கு மேல் விளக்கெரித்த ஊர் அது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கி, 1962-ல் முதல் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்த 600 மெகாவாட் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது, பக்கத்திலேயே 1,000 மெகாவாட்டில் புதியது எழுந்தது. அதாவது, பழையதை மூடினாலும் வேலை இன்னொரு கரி நிலையத்துக்கே போனது. அடுத்த முறை அப்படி இருக்காது. அதே நிறுவனம் சூரிய மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி இருப்பது இராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம். அனல்மின் நிலையமும் சுரங்கமும் ஆயிரக்கணக்கானவருக்கு வேலை கொடுக்கும், அதே அளவு சோலார் பூங்காவை ஓட்ட, கட்டி முடித்த பிறகு, கொஞ்சம் பேர் போதும். இதைச் சொல்லாமல் "பசுமை வேலை வரும்" என்று மட்டும் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

என்ன கேட்க வேண்டும் தெரியுமா? எந்த நிலையம் எந்த ஆண்டில் நிற்கும் என்று தேதி போட்ட பட்டியல். அந்தத் தேதிக்குக் குறைந்தது ஐந்தாண்டு முன்பே பயிற்சி, அதுவும் நிரந்தர ஊழியருக்கு மட்டுமில்லாமல் உங்கள் அப்பாவைப் போன்ற ஒப்பந்தத் தொழிலாளருக்கும். கரி எடுத்து மூடிய நிலத்தில் சோலார் வைத்தால் அந்த வேலையில் நிலம் கொடுத்த குடும்பத்துக்கு முதல் உரிமை. பேனலும் பேட்டரியும் செய்கிற தொழிற்சாலை வருமானால் அது நெய்வேலியைச் சுற்றி வரட்டும், கரண்டும் ரயிலும் தொழில் தெரிந்த கைகளும் அங்கே தயாராக இருக்கின்றன. நிலம் கொடுத்த தாத்தாவின் பேரனிடம் "காலநிலைக்காக விட்டுக்கொடு" என்று கேட்கிற உரிமை, இத்தனையையும் செய்து முடிக்காதவரை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. டிப்ளமோ எலக்ட்ரிகல் என்றால் இன்வெர்ட்டரும் பேட்டரி பராமரிப்பும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு என்று எழுதினால் தனியாகப் பதில் போடுகிறேன்.

கேள்வி: காற்றாலையில் தமிழ்நாடு முன்னணி, சோலாரும் குவிகிறது என்கிறார்கள். அப்படியானால் கரியை நிறுத்த என்ன தடை? – பண்ருட்டி வாசகர்

சாயங்காலம்தான் தடை. மத்தியானம் 12 மணிக்கு சோலார் கொட்டுகிறது. 6 மணிக்கு மேல் பூஜ்யம். ஆனால் வீட்டில் விளக்கு, டிவி, ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிப்பதே அப்போதுதான். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. காற்று மே முதல் செப்டம்பர்வரை நன்றாக வீசும், கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போனால் காதில் இரைச்சல் நிற்காது. மார்கழியில் அதே காற்றாலை பல நாள் சும்மா நிற்கும். மின்சாரம் பலாச்சுளை மாதிரி இல்லை ஐயா, இன்று மிஞ்சியதை நாளை சந்தைக்குக் கொண்டுபோக முடியாது, சேமிக்கிற வழி இருந்தால் ஒழிய.

வழி இருக்கிறது, நம்மிடமே. ஆனைமலையில் காடம்பாறை என்று ஒரு 400 மெகாவாட் நீர் மின் நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது கீழே ஆழியாறு பக்கத்து அணையின் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். 1980-களிலேயே கட்டியது! குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதோடு பெரிய பேட்டரி நிலையங்களும், தென் மாவட்டக் காற்றை வடக்கே கொண்டுவர லைனும் வேண்டும். பேனல் வாங்குவதைவிட இந்த வேலைகள்தான் தாமதம், செலவு, சிரமம் எல்லாமே. இந்தியாவின் மின் நிலையத் திறனில் பாதிக்கு மேல் இப்போது கரி, எரிவாயு அல்லாதது என்று 2025-ல் அறிவித்தார்கள், உண்மைதான், ஆனால் நாம் அன்றாடம் செலவழிக்கும் யூனிட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் இன்னும் கரிதான். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உங்கள் பங்குக்கு, தோட்டத்து மோட்டாரை ராத்திரியில் ஓட்டாமல் பகலில் ஓட்டுங்கள். சோலார் பம்புக்கு 60 சதவீத மானியம் இருக்கிறது, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: நெய்வேலி கரண்டில்தானே என் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓடுகிறது? புகை அங்கே போகிறது, அவ்வளவுதானே? – வில்லியனூர் வாசகர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோமீட்டருக்குச் சார்ஜில் வீணாவதையும் சேர்த்து மூன்று, மூன்றரை யூனிட். முழுக்கப் பழுப்பு நிலக்கரி மின்சாரம் என்றே வைத்தாலும் நான்கு கிலோ சொச்சம் கரியமில வாயு. லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரில் ஐந்து கிலோவைத் தாண்டும். கரியிலேயே கொஞ்சம் லாபம்தான், லைனில் காற்றும் சூரியனும் கூடக்கூட அதே வண்டியின் புகை தானாகக் குறைந்துகொண்டே போகும், பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. முடிந்தால் மத்தியானத்தில் சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: சீனாவும் அமெரிக்காவும் கக்குகிற புகைக்கு நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்? – நெல்லிக்குப்பம் வாசகர்

கோபம் நியாயம். ஓர் இந்தியரின் பங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன், ஓர் அமெரிக்கருடையது 14 டன் அளவுக்கு. அவர்கள்தான் முதலில், வேகமாகக் குறைக்க வேண்டும், பணமும் தர வேண்டும். ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கும் ஈரம் 7 சதவீதம் கூடும். ஃபெஞ்சலில் பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் வயலை மூழ்கடித்தது. வெள்ளம் யார் புகை என்று பார்த்து வருவதில்லை ஐயா, முதலில் நனைவது நாம்தான்.

கேள்வி: எங்கள் கடற்கரை கரைந்துபோனதும் காலநிலை மாற்றத்தால்தானா? – வைத்திக்குப்பம் வாசகர்

முக்கியக் காரணம் அது இல்லை. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கல்சுவர்தான். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், சுவர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, வடக்கே உங்கள் பக்கம் மணல் பட்டினி. அங்கே கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் போனது. தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு வைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. கடல் மட்டம் உயர உயர இந்தக் காயம் பெரிதாகும். ஆனால் மனிதர் கட்டிய தவறை எல்லாம் வானிலை மேல் போட்டுவிட்டால் திருத்த வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

கேள்வி: உப்புக் காற்றில் பேனல் தாங்குமா? – புதுக்குப்பம் வாசகி

கண்ணாடி தாங்கும், இரும்புச் சட்டம்தான் துருப்பிடிக்கும். அலுமினியம் அல்லது நன்றாகத் துத்தநாகம் முக்கி எடுத்த சட்டம், எவர்சில்வர் போல்ட், இந்த இரண்டில் மட்டும் பேரம் பேசி மலிவுக்குப் போகாதீர்கள். வாரம் ஒருமுறை விடியற்காலையில் வெறும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வெயிலில் சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஆளைக் கூப்பிட்டு எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கச் சொல்லுங்கள்.