கதண்டா, வேட்டுவாளியா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிரான்சில் தேனீக்களை அழிக்கும் ஆசியக் குளவியின் படத்தை என் மகன் அனுப்பியிருந்தான். எங்கள் கொல்லைப் பனையில் கட்டியிருப்பதும் அதுதானா? (கும்பகோணம்)

பதில்: இல்லை. 2004-இல் பிரான்சில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த இனம், நம் நாட்டில் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் வாழ்வது. அதன் கால்நுனிகள் மஞ்சளாகவும், வயிற்றின் நான்காம் கணு பளிச்சென்ற ஆரஞ்சாகவும் இருக்கும். டெல்டாவில் நாம் கதண்டு என்று பொதுவாகச் சொல்பவற்றுள் இரண்டு இனங்கள் அடங்கும். இடுப்பை ஒட்டிய முதல் இரண்டு கணுக்களும் மஞ்சளாகி, மீதி முழுவதும் கறுப்பாக இருந்தால் அது சிறியது; மரக்கிளையில் பெரிய கூடாகத் தொங்கவிடுவது பெரும்பாலும் இதுவே. இரண்டாம் கணுவில் மட்டும் அகலமான ஒற்றைப் பட்டை தெரிந்தால் அது பெரியது. பொந்துகளில் மறைவாகக் கூடு வைத்து, பிற குளவிகளின் கூட்டுப் புழுக்களைக் கொள்ளையடிக்கும். இந்தப் பெரிய கதண்டு 2016-இல் பசிபிக் தீவான குவாமில் நுழைந்து, அங்கே அந்நிய இனமாகிவிட்டது! ஆகவே, உள்ளூர் இனம் என்பதாலேயே அது சாது என்று எண்ணிவிடாதீர்கள். அடையாளம் காண விரும்பினால், செத்து விழுந்த ஒன்றைத் தாளில் எடுத்துவைத்துப் பாருங்கள். கூட்டின் அருகே செல்ல வேண்டாம்.

கேள்வி: பூஜையறை நிலைப்படியில் மண் கூடு இருக்கிறது. கலைத்தால் பேரப்பிள்ளை பிறக்காது என்கிறார் மாமியார். (மன்னார்குடி)

பதில்: பேரப்பிள்ளைக்கு நான் பொறுப்பேற்க இயலாது, ஆனால் கூட்டை அப்படியே விட்டுவிடலாம். அது தனித்து வாழும் வேட்டுவாளி. கொட்டக் கொட்டப் புழு குளவியாவதாகச் சொல்வார்கள்; உண்மையில், கொட்டி மரக்கச் செய்த சிலந்திகளை அறைக்குள் அடைத்து, அவற்றின் மேல் முட்டையிட்டு மூடிவிடும். கையால் பிடித்து நசுக்கினாலன்றி மனிதரைக் கொட்டுவது அரிது.

கேள்வி: வாய்க்கால் கரைப் பனையில் உள்ள கதண்டுக் கூட்டை அறுவடைக்கு முன் தீப்பந்தத்தால் கொளுத்தலாமா? (திருவாரூர்)

பதில்: கூடாது. கூடு எரிந்து முடியுமுன் வெளியேறும் கதண்டுகள், கீழே நிற்பவரைத்தான் மொய்க்கும். தேனீயைப் போலன்றி ஒவ்வொன்றும் பலமுறை கொட்டவல்லது. 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையினரிடம் விட்டுவிடுங்கள்; அதுவரை அந்தக் கரையில் ஆடுமாடு கட்டாதீர்கள், மட்டை வெட்டாதீர்கள். யாரையேனும் கூட்டமாகக் கொட்டிவிட்டால், சுண்ணாம்பு தடவிக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மூச்சுத்திணறல் சில நிமிடங்களிலேயே வரக்கூடும்; சிறுநீரகப் பாதிப்போ பிறகுதான் தெரியும் என்பதால், வலி குறைந்தாலும் சிறுநீர் கறுத்துப் போகிறதா என்று அடுத்த சில நாட்கள் கவனியுங்கள்.