பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்தால் குற்றமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் பட்டதாரிகள். தனியார் பள்ளியில் 4-ஆம் வகுப்பு முடித்த மகளையும், 1-ஆம் வகுப்பு முடித்த மகனையும் போன ஜூனில் நிறுத்திவிட்டு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறோம். இதைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேரும் பள்ளியை விட்டு எங்களிடம் படிக்க வருகிறார்கள். 'பெண்ணுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள்', 'பையனைத் தோப்பு வேலைக்கு விடுகிறார்கள்' என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். யாரோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல, அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். மறுபடி வருவார்களாம். நாங்கள் செய்வது தப்பா? அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 10-ஆம் பிரிவுப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்தது. ஆனால் அது கடுமையான குறைபாடு அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். கடமையைச் சொன்ன சட்டம், அதை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. 'கட்டாயம்' என்பதன் பொறுப்பை 8-ஆம் பிரிவு அரசின் தலையில்தான் வைக்கிறது. இதை வைத்துத்தான் 'சட்டம் தடுக்கவில்லையே' என்று பலர் பேசுகிறார்கள். தண்டனை இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. மாநிலத்துக்கென்று 1994-ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வேறு இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த ஐந்து பிள்ளைகள். சொந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது ஒரு கதை. பள்ளியை விட்ட அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, மாதம் ஏதோ பணமும் வாங்கினால், அங்கீகாரம் இல்லாத பள்ளி நடத்துகிறீர்கள் என்று 18-ஆம் பிரிவைக் காட்ட இடம் கொடுக்கிறீர்கள். அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. அதன்பிறகும் நடத்தினால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வரை. அவர்களைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்கள். சாயங்காலம் வந்து டியூஷன் படிக்கட்டும், அதை யாரும் கேட்கப் போவதில்லை.

ஊர்ப்பேச்சுக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பள்ளியிலிருந்து நின்ற பெண் என்றால் கல்யாணம், பையன் என்றால் சூளை அல்லது தோப்பு என்று ஊர் கணக்குப் போடும். அந்தக் கணக்கு பல வீடுகளில் சரியாகவும் இருந்திருக்கிறது. ஆகவே 1098-க்குச் சொன்னவரைத் தேடிப் போகாதீர்கள். நல்லெண்ணத்தோடு உரிய அதிகாரியிடம் சொன்ன புகார் அவதூறு ஆகாது. குழுவில் பொய் எழுதியவர் மீது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வழக்கு நிற்கும். ஆனால் போலீஸ் நேராக எஃப்ஐஆர் போடாது, நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். பதிவுகளை எண், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்த போனையும் பத்திரமாக வையுங்கள். இப்போதே போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, 'உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்?'

தோப்பு வேலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவலாம், ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோதான் என்கிறது 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம். வீட்டில் படிக்கும் பையனுக்குப் பள்ளி நேரம் எது? காலை 11 மணிக்கு அவன் மாங்காய் பொறுக்கினால் பதில் சொல்வது கஷ்டம்.

அடுத்த முறை அதிகாரிகள் வந்தால் கதவைச் சாத்த வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்), தேதி போட்டு எழுதிய நோட்டுகள் ஆகியவற்றை ஒரு ஃபைலில் வையுங்கள். மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் விடுங்கள், அவள் பேச்சுதான் உங்களுக்குப் பெரிய சாட்சி. குழந்தைகள் நலக் குழு அழைத்தால் கட்டாயம் போங்கள், அதற்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் மனைவி பெயரில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போய், வேறு பள்ளி எடுக்கும்வரை அங்கேயே நிற்கும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டைத் தேடி வருவது அதனால்தான். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதில் பிள்ளைகளின் வயது, முன்பு படித்த வகுப்பு, இப்போது என்ன படிக்கிறார்கள் என்பது மட்டும் இருக்கட்டும். 'பள்ளிக்கு அனுப்ப மாட்டோம்' என்று வீராப்பாக எழுதுபவர்கள் உண்டு. அது கடமையை மீறியதாகத் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

மகளுக்கு வரும் ஜூன் முக்கியம். அது 6-ஆம் வகுப்பில் சேரும் வயது. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானவை (புதுமைப்பெண் திட்டம், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு). ஒரு வருடம் விட்டாலும் பின்னால் சரிக்கட்ட முடியாது. 4-ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கூடாது. சேர்த்துவிட்டு மாலையில் உங்கள் முறையில் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான் என் யோசனை.

இல்லை, வீட்டில்தான் என்றால் தேர்வு வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தேர்வராக 8-ஆம் வகுப்பு எழுத 12½ வயது, 10-ஆம் வகுப்பு எழுத 14½, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 10-ஆம் வகுப்புக்கு 14. மாநிலத் தேர்வு என்றால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தனித்தேர்வர்களில் பலர் கோட்டை விடுவது இந்தப் பதிவில்தான்.