வெட்டி விற்கப்பட்ட மேடு

கேள்வி: நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்திலுள்ள ஹோகபெயின்டம் என்ற சிற்றூரின் படம் பார்த்தேன். மேட்டின் விளிம்பில் தேவாலயம். அதன் அருகிலேயே மேடு செங்குத்தாக அறுந்து கிடக்கிறது. நம் பக்கத்தைப் போல அங்கேயும் மண்சரிவா?
– வாசகி, கந்தப்பளை

பதில்: சரிவு அல்ல. ஊரார் குடியிருந்த மண்ணையே வெட்டிப் பசளையாக விற்றார்கள்.

அந்த மேடும் இயற்கையாக எழுந்ததல்ல. ஃபிரீஸ்லாந்தின் வடகரை தட்டையான களிநிலம். கடல் பொங்கினால் தண்ணீர் ஏறிவிடும். கரையணைகள் இல்லாத காலத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டளவிலிருந்து, புல்லோடு வெட்டிய களிமண் கட்டிகளை அடுக்கி அதன்மேல் வீடு கட்டினார்கள். சாணம், சாம்பல், உடைந்த பானை, எலும்பு எல்லாம் அங்கேயே சேர்ந்தன. பழைய வீட்டை இடித்துச் சமப்படுத்தி, இன்னொரு அடுக்கு போட்டுப் புதுவீடு எழுப்பினார்கள். தனித்தனி வீட்டுமேடுகள் இணைந்து ஊராயின. இவற்றுக்குத் ‘தெர்ப்’ என்று பெயர். ஹோகபெயின்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 8.8 மீற்றர் மேலே. நாட்டிலேயே உயரமான தெர்ப் அதுதான். கந்தப்பளையில் இருப்பவருக்கு இது உயரமாகவே தோன்றாது. ஆனால் மேடாகச் சேர்ந்த மண் அவ்வளவும் மனிதர் சுமந்து கொட்டியது!

சாணமும் எலும்பும் நூற்றாண்டுக்கணக்கில் ஊறியதால் அம்மண்ணில் பொஸ்பரசும் சுண்ணாம்பும் மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பல மேடுகளை வெட்டி, கால்வாய்வழி படகில் ஏற்றி, சத்தற்ற மணல் நிலங்களுக்கு விற்றார்கள். ஹோகபெயின்டத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெட்டினார்கள். தேவாலயமும் கல்லறைகளும் இருந்த பகுதி தப்பியது.

இழப்பு பெரிது. எழுத்தில் பதியாத காலத்துக்கு மண் அடுக்குகளே சான்று. தொழிலாளர் கண்டெடுத்த சீப்பும் பானையும் சில அருங்காட்சியகம் சேர்ந்தன. எந்த அடுக்கில் கிடைத்தன என்ற குறிப்பில்லாவிட்டால் காலம் சொல்வது கடினம். எஞ்சிய செங்குத்து முகம் இப்போது ஆய்வாளருக்கு உதவுகிறது. புதுக்குழி தோண்டாமல், ஒரு பட்டையை மட்டும் கரண்டியால் சுரண்டிச் சுத்தமாக்கி, அடுக்குகளின் நிறத்தை வரைந்து, விதைக்கும் மகரந்தத்துக்கும் மண் மாதிரி எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். திறந்தே கிடந்தால் முகம் உலர்ந்து உதிரும். காற்றுப் புகுந்து உள்ளேயுள்ள மரமும் தோலும் உக்கிவிடும்.

கேள்வி: சுற்றிலும் உப்புநீர். குடிக்க என்ன செய்தார்கள்?
– வாசகர், ஹாலிஎல

பதில்: மழைநீர்தான். மேட்டிலேயே குளம் தோண்டினார்கள். களிமண் நீரை ஒழுகவிடாது. கடல்நீர் ஒருமுறை உள்ளே விழுந்தாலும் குளம் கெட்டுவிடும் என்பதால் விளிம்பை உயர்த்திக் கட்டுவார்கள். அருகே வாழ்ந்த சௌசி மக்கள் வீட்டு முற்றத்துக் குழிகளில் சேர்த்த மழைநீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை என்று 1ஆம் நூற்றாண்டிலேயே உரோமரான மூத்த பிளினி எழுதியிருக்கிறார்.