கொரியாவுல டீச்சர் வேலை, சாயங்காலம் எப்படிப் போகும்?

கேள்வி: கனடா பாஸ்போர்ட் இருக்குறதால சியோல்ல ஒரு ஹாக்வோன்ல இங்கிலீஷ் டீச்சர் வேலை கெடச்சிருக்கு. அங்க ஆளுங்களோட பழகுறது கஷ்டமா? ஸ்டாஃப் டின்னருக்குப் போயே ஆகணுமா?
- ஒரு வாசகி, டொரண்டோ

பதில்: ஹாக்வோன்னா ட்யூஷன் சென்டர்தானே, ஸ்கூல் விட்டு பசங்க வர்ற நேரம்தான் உங்களுக்கு வேலையே, அதனால பெரும்பாலும் மத்தியானம் ஆரம்பிச்சு ராத்திரி 9, 10 மணி வரை இழுக்கும், ஊரே சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் நீங்க ஃப்ரீ. சியோல்ல 10 மணிக்கு மேல கிளாஸ் நடத்தக்கூடாதுன்னு ரூல் இருக்கு, அந்த வரைக்கும் தப்பிச்சீங்க!

ஸ்டாஃப் டின்னருக்கு பேரு ஹ்வேசிக். கட்டாயம்னு வாயால யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா முதல் ரெண்டு மூணு தடவை தட்டாம போயிடுங்க, அங்கதான் எல்லாரும் மனசு விட்டுப் பேசுவாங்க. பெரியவங்க சோஜு (அந்த ஊரு சரக்கு) ஊத்தினா ரெண்டு கையாலயும் கிளாஸைப் பிடிக்கணும், குடிக்கும்போது முகத்தை லேசா அந்தப் பக்கம் திருப்பிக்கணும். குடிக்க மாட்டேன்னா முதல்லயே சொல்லி சைடர் வாங்கிக்கோங்க (அங்க சைடர்னா நம்ம ஸ்ப்ரைட் மாதிரிதான், போதை கிடையாது). சைவமா இருந்தா கொஞ்சம் திண்டாட்டம்தான், காய்கறி சூப்னு நினைச்சு வாங்குறதுல கூட நெத்திலி போட்டு கொதிக்க வச்சிருப்பாங்க.

பாத்த உடனே வயசு கேப்பாங்க, கோவப்படாதீங்க, எவ்ளோ மரியாதையா பேசணும்னு முடிவு பண்ணத்தான். போன உடனே போன்ல காக்காவோ டாக்னு அந்த ஊரு சாட் ஆப்பைப் போட்டுக்கோங்க, அங்க வாட்ஸ்அப்பை நம்பி உக்காந்தா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க.